‘மஸ்ட்’டுக்கு நூறு, ‘ஷுட்’டுக்கு எழுபது: ஓர் ஆங்கிலச் செயலியின் ‘கட்டாயம்’ பாடம்

தமிழ் வழியாக ஆங்கிலம் பேசச் சொல்லித்தரும் கைபேசிச் செயலி ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்துகிறேன். பெயர் சொல்லவில்லை, காரணம் நான் சொல்லப்போகும் குறைகள் அந்த ஒரு செயலியோடு நிற்பவை இல்லை, இதே ரகத்தில் உள்ள பலவற்றிலும் அச்சு மாறாமல் இருப்பவை. முழுச் செயலியையும் அலசப்போவதுமில்லை. நடுநிலைப் பிரிவில் ‘கட்டாயமும் கடமையும்’ என்று ஓர் அலகு இருக்கிறது. செய்ய வேண்டும், செய்தாக வேண்டும், செய்திருக்க வேண்டும், செய்யக் கூடாது, இதையெல்லாம் அன்றாட ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பதுதான் பாடம். அதை மட்டும் பார்க்கலாம். ஏனென்றால் ஒரு இலக்கணப் பிழையும் இல்லாமல் பேசியும் எதிரில் இருப்பவரின் முகத்தைச் சுருங்க வைக்க முடியும் என்றால் அது இந்த இடத்தில்தான். டென்ஸ் தப்பானால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மேலதிகாரியிடம் ‘யூ ஹேட் பெட்டர் சைன் திஸ்’ என்று சொல்லிப்பாருங்கள், ‘கையெழுத்துப் போடு, இல்லன்னா பார்’ என்று மிரட்டுவது போல ஒலிக்கும், கதையே வேறு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அலகில் கேட்கும் பகுதி அருமை, விளக்கும் பகுதி சுமார், சோதிக்கும் பகுதி மோசம். ஐந்துக்கு மூன்று தருவேன், அந்த மூன்றும் கேட்கும் பகுதிக்குத்தான்.

அலகு ஒரு வீடியோவோடு தொடங்குகிறது. திரையில் ஒரு வெப்பமானி. உச்சியில் ‘மஸ்ட்’, 100 சதவீதம். அதன் கீழே ‘ஹேவ் டு’ 90, ‘ஹேட் பெட்டர்’ 80, ‘ஷுட்’ 70, ‘ஆட் டு’ (ought to) 65. யார் அளந்தார்கள் இதை? ‘ஷுட்’டுக்கும் ‘ஆட் டு’வுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஐந்து சதவீதம் எங்கிருந்து வந்தது? பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றும், ஆனால் பேசும்போது அது ஒரு பைசாவுக்கு உதவாது. நாம் பேசும்போது வாயில் எந்தச் சொல் வருகிறது என்பதை அழுத்தத்தின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தக் கட்டாயம் யாரிடமிருந்து வருகிறது என்பதுதான் அதைவிட முக்கியம். பேசுகிறவரே போடும் உத்தரவா, வெளியே எங்கோ இருக்கும் விதியா, கேட்பவருடைய நன்மைக்கான யோசனையா, இல்லை எல்லோரும் எதிர்பார்க்கிற ஒன்றா? வெப்பமானியில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

‘மஸ்ட்’டையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘யூ மஸ்ட் ஃபினிஷ் திஸ் டுடே’ என்று நான் சொன்னால் அதிகாரம் என்னுடையது, நான் சொல்கிறேன், நீ செய். ‘யூ ஹேவ் டு ஃபினிஷ் திஸ் டுடே’ என்றால் பழி என் மேல் இல்லை, கெடு இன்றைக்கு, நான் என்ன செய்ய, என்கிற தொனி அதில் இருக்கிறது. தமிழில் நாம் ‘முடிக்கணும்’ என்பதற்கும் ‘முடிக்க வேண்டியிருக்கு’ என்பதற்கும் வைத்திருக்கும் அதே வித்தியாசம்தான் கிட்டத்தட்ட. ‘வேண்டியிருக்கு’ என்று சொல்லும்போதே நமக்கும் அதில் இஷ்டமில்லை என்று ஒரு பெருமூச்சு சேர்ந்து வருகிறதில்லையா? இதைச் சொல்லியிருந்தால் தமிழ் பேசுகிறவருக்கு ஒரு நொடியில் பிடிபட்டிருக்கும். ஆனால் வீடியோவில் இரண்டுக்கும் கீழே ‘வேண்டும்’ என்றே போட்டிருக்கிறார்கள். பின்னால் ஒரு பயிற்சியில் வரும் ‘நீட் டு’வுக்கும் ‘வேண்டும்’. ‘ஷுட்’டுக்கும் ‘வேண்டும்’. தமிழ் வழியில் கற்பிக்கிறோம் என்று விளம்பரம் செய்துவிட்டுத் தமிழில் இருக்கும் வசதியைக் கைவிடுவது என்ன கணக்கோ. (அமெரிக்கப் பேச்சில் இந்த வித்தியாசம் பெரிதும் கரைந்துபோய் ‘ஹேவ் டு’வே இரண்டு வேலையையும் பார்க்கிறது என்பதையும் ஒரு வரியில் சேர்த்திருக்கலாம்.)

அதே ‘மஸ்ட்’ இன்னொரு இடத்தில் தலைகீழாக நடந்துகொள்ளும். ‘யூ மஸ்ட் கம் அண்ட் சீ அஸ்’ என்று யாராவது சொன்னால் அது உத்தரவே இல்லை, வாஞ்சை. ‘கட்டாயம் வரணும், வராமல் இருக்கக் கூடாது’ என்று நாம் வற்புறுத்துவதைப் போல. கேட்பவருக்குச் சுகமான காரியம் என்றால் ‘மஸ்ட்’ எவ்வளவு அழுத்தினாலும் மரியாதைதான், அவருக்குச் சிரமமான காரியம் என்றால் அதே சொல் அதட்டலாகிவிடும். நூறு சதவீதம் என்று வெப்பமானியில் தொங்கவிட்டால் இது எப்படித் தெரியும்? கேள்வியாகக் கேட்டாலோ இன்னும் வேறு: ‘மஸ்ட் யூ மேக் தட் நாய்ஸ்?’ என்பது விவரம் கேட்கும் கேள்வி இல்லை, எரிச்சல். நிஜமாகவே விவரம் வேண்டுமென்றால் ‘டூ ஐ ஹேவ் டு’ என்றுதான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள்.

இன்னொன்று, அன்றாடப் பேச்சில் ‘மஸ்ட்’டுக்கு அவ்வளவு உயரமான நாற்காலி போடுவதே கொஞ்சம் பழைய காலம். 1961இல் அச்சான அமெரிக்க எழுத்திலிருந்து பத்து லட்சம் சொற்களைத் திரட்டி பிரவுன் தொகுப்பு என்று ஒன்றை உருவாக்கினார்கள், அதே ஆண்டின் பிரிட்டிஷ் எழுத்துக்கும் அதற்கு இணையாக ஒன்று வந்தது, பிறகு 1990களின் தொடக்கத்தில் வெளியான எழுத்தைக் கொண்டு ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் இரண்டுக்கும் ஜோடி தயாரித்தார்கள். ஜெஃப்ரி லீச் போன்ற மொழியியலாளர்கள் இவற்றை ஒப்பிட்டபோது அந்த முப்பது ஆண்டு இடைவெளியில் ‘மஸ்ட்’ இரண்டு பக்கமும் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது, ‘நீட் டு’ இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். ‘யூ நீட் டு ஃபில் திஸ் ஃபார்ம்’ என்று சொன்னால் உத்தரவு போடுவது நான்தான், ஆனால் தேவை உன்னுடையது என்பதுபோல் ஒலிக்கிறது. யாரும் யாருக்கும் மேலே நிற்பதாகக் காட்டிக்கொள்ள விரும்பாத அலுவலகத்தில் இதைவிட வசதியான சொல் கிடைக்காது. செயலியின் வெப்பமானியில் ‘நீட் டு’ இல்லவே இல்லை. பிறகு ஏதோ ஒரு பயிற்சியில் திடீரென்று வந்து நிற்கிறது.

சதவீதம் போட்டு அளக்கும் ஆசை நியாயமாகப் பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. கணினித் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும், இணையத் தொழில்நுட்ப விதிமுறைகளை எழுதுவதற்கென்றே ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம் 1997இல் வந்தது. அதில் ‘மஸ்ட்’ என்றால் விதிவிலக்கே கிடையாது. ‘ஷுட்’ என்றால் தக்க காரணம் இருந்தால் மீறலாம், ஆனால் விளைவைப் புரிந்து சீர்தூக்கிப் பார்த்துவிட்டு மீற வேண்டும். இப்படி அதில் வரையறுத்தே வைத்திருக்கிறார்கள். அதிலும் குழப்பம் வந்து, 2017இல் இன்னொரு ஆவணம் போட்டு, முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்த அர்த்தம், சிறிய எழுத்தில் இருந்தால் வழக்கமான ஆங்கிலம்தான் என்று விளக்க வேண்டியிருந்தது. பொறியாளர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடே இந்தப் பாடு என்றால், பக்கத்து மேசைக்காரரிடம் பேசுவதற்கு வெப்பமானி எங்கே உதவப்போகிறது.

சரி, எதிர்மறைக்கு வருவோம். இந்த அலகின் மிகப் பெரிய ஓட்டை இங்கேதான். கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியில் ஒரு கேள்வி, அப்படியே தருகிறேன். தமிழ்க் குறிப்பு: ‘நாளை விடுமுறை. நீ சீக்கிரம் எழுந்திருக்க வேண்டாம்.’ கீழே ஆங்கில வாக்கியம், நடுவில் கோடு. தேர்வுகள் இரண்டு: ‘மஸண்ட்’ (mustn't), ‘டோன்ட் ஹேவ் டு’. முதலாவதைத் தொட்டால் திரை சிவக்கிறது, ‘மீண்டும் முயலுங்கள்’ என்கிறது, இரண்டாவதைத் தொட்டால் பச்சை, அடுத்த கேள்வி. அவ்வளவுதான். ஏன் தப்பு என்று ஒரு சொல் கிடையாது.

இதில் கற்பவர் சறுக்குவதற்குக் காரணம் அந்தத் தமிழ்க் குறிப்பிலேயே இருக்கிறது. ‘வேண்டாம்’ என்பது நம்மிடம் இரண்டு வேலை செய்கிறது. ‘நீங்கள் வர வேண்டாம்’ என்றால் வருவதற்குத் தடையா, வருவதற்கான அவசியம் இல்லை என்பதா? சொல்கிறவர் குரலையும் முகத்தையும் பார்த்துத்தான் நாமே முடிவு செய்கிறோம். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய மதில். ‘யூ மஸண்ட் கம்’ என்றால் வந்தால் வம்பு. ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’ என்றால் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. நோயாளியிடம் மருந்துச் சீட்டைக் காட்டி, ‘இந்த மாத்திரையை நீங்கள் சாப்பிட வேண்டாம்’ என்பதை ‘யூ டோன்ட் ஹேவ் டு டேக் திஸ்’ என்று ஒருவர் மொழிபெயர்த்தால், சாப்பிட்டால் ஆபத்து என்ற எச்சரிக்கை அங்கேயே காணாமல் போய்விடுகிறது. ஆகவே குறிப்பில் ‘எழுந்திருக்க வேண்டியதில்லை’ என்று போட்டிருக்க வேண்டும், தடைக்கு ‘கூடாது’ என்று போட்டிருக்க வேண்டும். தமிழில் இரண்டுக்கும் தனித்தனி வடிவம் கைவசம் இருக்கும்போது, இரண்டையும் கலக்கிற ஒரே வடிவத்தைத் தேடிப்பிடித்துக் குறிப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். குறிப்பு எழுதியவர் ஆங்கில வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவசரத்தில் தமிழாக்கியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

இதோடு சேர்ந்தது ‘போகணும்’ சிக்கல். ‘நான் வீட்டுக்குப் போகணும்’ என்பது ஆசையாகவும் இருக்கலாம், கட்டாயமாகவும் இருக்கலாம். ‘ஐ வாண்ட் டு கோ ஹோம்’ என்று சொன்னால் அலுவலகத்தில் கேட்பவர், ஐயோ பாவம், வேலையில் மனமில்லை போல என்று நினைப்பார். ‘ஐ ஹேவ் டு கோ ஹோம்’ என்றால் வீட்டில் ஏதோ வேலை. மொழிபெயர்ப்புப் பயிற்சியில் இந்த வாக்கியம் மொட்டையாக வருகிறது, யார் யாரிடம் எப்போது சொல்கிறார் என்று ஒரு துப்பும் இல்லை, விடை ‘மஸ்ட்’ மட்டும்தான் என்கிறது செயலி. ‘ஹேவ் டு’ போட்டாலும் சிவப்பு, ‘நீட் டு’ போட்டாலும் சிவப்பு. நிஜ வாழ்க்கையில் அந்த இடத்தில் யாரும் அதிகம் சொல்லாததை மட்டும் பச்சையாக்கி வைத்திருக்கிறார்கள்!

இறந்தகாலத்தைக் கேட்கவே வேண்டாம். கட்டாயம் என்ற அர்த்தத்தில் ‘மஸ்ட்’டுக்கு இறந்தகாலம் கிடையாது, ‘ஹேட் டு’விடம்தான் போக வேண்டும், ‘வில்’லுக்குப் பின்னாலும் அது வராது, ‘வில் ஹேவ் டு’ என்றுதான் வரும். இந்த அளவுக்கு ஒரு ஸ்லைடில் சொல்லிவிடுகிறார்கள், நல்லது. ஆனால் உண்மையான வில்லங்கம் அடுத்த படியில் இருக்கிறது. ‘அவர் நேற்றே வந்திருக்க வேண்டும்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். செருப்பு வாசலில் கிடக்கிறது, அதனால் வந்திருப்பார் என்று ஊகிக்கிறோம் என்றால் ஆங்கிலத்தில் ‘ஹி மஸ்ட் ஹேவ் கம்’. வருவதாகச் சொன்னார், ஆளைக் காணோம் என்று குறைப்படுகிறோம் என்றால் ‘ஹி ஷுட் ஹேவ் கம்’. ஒன்றில் ஆள் வந்தாயிற்று, இன்னொன்றில் வரவில்லை. தமிழில் ஒரே வாக்கியம் நேர் எதிரான இரண்டு செய்திகளைச் சொல்கிறது, ஆங்கிலத்தில் ஒரு சொல் மாறினால் உலகமே மாறுகிறது. இதைவிட முக்கியமான ஒன்றை இந்த அலகில் ஒரு தமிழருக்குச் சொல்லித்தர முடியாது. செயலி என்ன செய்கிறது? ‘மஸ்ட் ஹேவ்’ வேறொரு அலகில், ‘ஊகம்’ என்ற தலைப்பில், பின்னால் எங்கோ இருக்கிறது. இரண்டையும் ஒரே திரையில் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டவில்லை.

‘நீடன்ட் ஹேவ்’ பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ‘யூ நீடன்ட் ஹேவ் வெயிட்டட்’ என்றால், காத்திருந்தாய், ஆனால் அதற்கு அவசியம் இருக்கவில்லை, வீண் சிரமம். பிரிட்டிஷ் வழக்கில்தான் அதிகம் கேட்கும் என்பதால் விட்டிருக்கலாம். போகட்டும்.

இவ்வளவு திட்டிவிட்டு மூன்று நட்சத்திரம் எதற்கு என்றால், கேட்கும் பகுதிக்காக. யாரோ வேறு ஒருவர் உருவாக்கியது போல அது தனியாக மின்னுகிறது. சின்னச் சின்ன உரையாடல்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள், பேசுகிறவர்கள் பாடம் ஒப்பிப்பது போலப் பேசுவதில்லை, ஒருவர் பேசும்போது இன்னொருவர் நடுவில் நுழைகிறார், தயங்குகிறார், பாதியில் விடுகிறார்.

அதில் ஒன்று கூட்டம் தாமதமாவது பற்றியது. ஒருவர்: ‘வாஸண்ட் திஸ் சப்போஸ்டு டு ஸ்டார்ட் அட் டென்?’ மற்றவர்: ‘இட் வாஸ். வீ ஹேட் டு வெயிட் ஃபார் தி ஸ்லைட்ஸ்.’ இரண்டே வரி. ‘சப்போஸ்டு டு’வின் மொத்தக் குணமும் அதற்குள் இருக்கிறது. ஏற்பாடு அப்படி, ஆனால் நடந்தது இப்படி. ‘வாஸ் சப்போஸ்டு டு’ என்று யாராவது ஆரம்பித்தாலே, நடக்கவில்லை என்ற செய்தி பெரும்பாலும் பின்னாலேயே வந்துவிடும். குறை சொல்கிறார், ஆனால் யார் பெயரையும் இழுக்கவில்லை. ‘யூ ஷுட் ஹேவ் ஸ்டார்ட்டட் அட் டென்’ என்று அதே மனிதர் சொல்லியிருந்தால் அது நேராக ஒருவர் மேல் விரல் நீட்டுவது. பழி சொல்லாமல் பழி சொல்வதற்கு இவ்வளவு வாகான சொற்றொடர் ஆங்கிலத்தில் வேறு எனக்குத் தெரியவில்லை. நிகழ்காலத்தில் அது இன்னும் சுவாரசியம், ‘யூ ஆர் நாட் சப்போஸ்டு டு பார்க் ஹியர்’ என்றால், இங்கே நிறுத்தக் கூடாதுதான், விதி அப்படி, விதி போட்டது நானில்லை, ஊரே நிறுத்துகிறது என்பதும் எனக்குத் தெரியும், எல்லாம் அடக்கம்.

இன்னொரு உரையாடல் தொலைபேசியில் இரண்டு நண்பர்கள் விடைபெறுவது. முதலில் ‘ஐ ஷுட் கெட் கோயிங்’ என்கிறார் ஒருவர், பேச்சு நிற்கவில்லை, வேறு ஏதோ விஷயம் ஓடுகிறது. பிறகு ‘எனிவே, ஐ ஹேவ் டு கோ’ என்கிறார், அப்போதும் மற்றவர் விடவில்லை. கடைசியில் ‘சாரி, ஐ காட்டா ரன்’, வைத்துவிட்டார். சிரித்துக்கொண்டே கேட்டேன். வெப்பமானி சொல்லாத விஷயம் இதில் இருக்கிறது. முதலாவது ‘கிளம்பலாம்னு பார்க்கிறேன்’ என்கிற அளவில் ஒரு கோடி காட்டல், இரண்டாவது, நான் போக விரும்பவில்லை, வேறு ஏதோ என்னை இழுக்கிறது என்று மரியாதைக்குச் சொல்லும் காரணம், மூன்றாவது, இனிமேல் ஒரு நிமிடம்கூட முடியாது. விடைபெறும்போது தமிழில் ‘அப்போ நான் கிளம்பட்டுமா?’ என்று அனுமதி கேட்கிறோம். ஆங்கிலத்தில் அதே வேலையைக் கட்டாயத்தின் தலையில் கட்டிவிடுகிறார்கள். ‘ஐ வாண்ட் டு கோ நவ்’ என்று சொல்லித் தொலைபேசியை வைப்பவர்கள் இந்த ஒரு உரையாடலை மட்டும் நாலு தடவை கேட்டால்கூடப் போதும்.

மூன்றாவதாக ஒன்று, அதுவும் நன்றாக இருந்தது, ‘ஹேட் பெட்டர்’ வருகிற இடம். வீடியோவில் இதற்கு ‘செய்வது நல்லது’ என்று பொருள் போட்டிருக்கிறார்கள். சொல்லளவில் தப்பில்லை, ‘பெட்டர்’ இருக்கிறதே. ஆனால் ‘மழை வரும் போல, குடை எடுத்துப் போவது நல்லது’ என்று நாம் மெதுவாகச் சொல்லும் தொனி அதில் இல்லை. ‘ஹேட் பெட்டர்’ என்றால் செய்யாவிட்டால் ஏதோ கெடுதல் காத்திருக்கிறது. ‘எடுத்துட்டுப் போ, இல்லன்னா நனைஞ்சுதான் வருவே’ என்கிற அளவு உறைப்பு அதில் உண்டு. தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம், நெருங்கிய நண்பரிடம் சொல்லலாம். வாடிக்கையாளரிடமும் மேலதிகாரியிடமும் சொன்னால் மிரட்டல். அந்த ஒலிப்பதிவில் ஓர் அக்கா தம்பியிடம் ‘யூட் பெட்டர் நாட் பி லேட்’ என்கிறாள், அந்தக் குரலைக் கேட்டாலே இதை யாரிடம் சொல்லலாம் யாரிடம் சொல்லக் கூடாது என்று பிடிபட்டுவிடும். ‘ஹேட்’ இருக்கிறதே என்று இறந்தகாலம் என நினைத்துக் குழம்ப வேண்டியதில்லை, அது எப்போதும் இப்போதையும் இனிமேலையும் பற்றித்தான். பேச்சில் அந்த ‘ஹேட்’ பல சமயம் முழுசாகவே விழுந்துவிட்டு ‘யூ பெட்டர்’ மட்டும் மிஞ்சுகிறது.

அப்படியானால் மேலதிகாரியிடம் யோசனை சொல்வது எப்படி? ‘யூ மைட் வாண்ட் டு செக் திஸ்’ என்பார்கள். கேட்டால் ஏதோ அவர் விருப்பத்தை ஊகிப்பது போல இருக்கிறது, உண்மையில் ‘தயவுசெய்து இதைப் பாருங்கள், தப்பு இருக்கிறது’ என்பதுதான் செய்தி. எதிர்மறையாகச் சொல்வதென்றால் ‘ஐ டோன்ட் திங்க் வீ ஷுட்’ என்று மறுப்பை முன்னால் தள்ளிவிடுவார்கள், ‘ஐ திங்க் வீ ஷுடண்ட்’ என்று சொன்னால் கொஞ்சம் முரட்டுத்தனம். அன்றாட ஆங்கிலம் என்று பெயர் வைத்திருக்கும் பாடத்தில் இந்த இரண்டும் இல்லை. வேலை செய்யும் இடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை தேவைப்படும் என்று யோசித்தால் இது சின்னக் குறை இல்லை.

அடுத்தது உச்சரிப்புப் பயிற்சி. இதை அணைத்து வையுங்கள் என்பேன். ஒலிப்பதிவில் வருகிறவர்கள் எல்லோரும் ‘ஹேவ் டு’வை ‘ஹாஃப்டா’ என்கிறார்கள், அதில் ‘வ்’ ஒலி ‘ஃப்’ ஆகிவிடுகிறது, ‘ஹேஸ் டு’ ‘ஹாஸ்டா’ ஆகிறது, ‘சப்போஸ்டு டு’வில் இரண்டு ‘ட்’டும் ஒன்றாகி வேகத்தில் ‘ஸ்போஸ்டா’ என்றே கேட்கிறது. ‘மஸண்ட்’டில் எழுத்தில் இருக்கும் முதல் ‘ட்’ ஒலிப்பதே இல்லை, ‘ஷுட்’டில் ‘எல்’ ஊமை. இவையெல்லாம் சோம்பேறி உச்சரிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம், படித்தவர்களின் இயல்பான பேச்சே இதுதான். சரி என்று நாமும் ‘ஹாஃப்டா’ என்று ஒலிவாங்கியில் சொன்னால், ‘தெளிவாகச் சொல்லுங்கள்’ என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறது. ‘ஹேவ். டு.’ என்று ஆணி அடிப்பது போலப் பிரித்துச் சொன்னால் உடனே நட்சத்திரம் பறக்கிறது. தன்னுடைய ஒலிப்பதிவில் பேசுகிறவரையே இந்தச் செயலி தேர்ச்சி பெற விடாது! அதைவிட மோசம், இப்படிப் பிரித்து அழுத்திச் சொன்னால் ஆங்கிலத்தில் அர்த்தமே மாறுகிறது, ‘செய்தே தீர வேண்டும், தெரிந்ததா?’ என்று அடித்துச் சொல்வதாகிவிடும். சாதாரணமாக ஒரு விவரம் சொல்ல வந்தவர் சண்டைக்கு வந்தவராகிவிடுவார்.

உச்சரிப்புக்கு இதைவிட நல்ல வழி இலவசமாகவே இருக்கிறது. யூகிளிஷ் என்ற தளத்தில் ஒரு சொற்றொடரைத் தட்டினால் யூடியூப் காணொளிகளில் மனிதர்கள் அதைச் சொல்லும் இடங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக்காட்டும். ‘சப்போஸ்டு டு’ என்று போட்டுக் கொஞ்ச நேரம் கேட்டாலே போதும். விளக்கத்துக்கு கேம்பிரிட்ஜ் அகராதித் தளத்தில் ஓர் இலக்கணப் பகுதி இருக்கிறது, ‘மஸ்ட்’, ‘ஹேவ் டு’, ‘நீட்’ எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம், எடுத்துக்காட்டோடு. தமிழில் இல்லை என்பதுதான் ஒரே குறை, அந்தக் குறையை நிரப்பத்தான் இந்தச் செயலியை எடுத்தேன், அது நிரப்பவில்லை.

கடைசி ஸ்லைடில் ‘ஷல்’ வருகிறது, ‘ஒப்பந்தங்களில் கட்டாயத்தைக் குறிக்கும்’ என்று ஒற்றை வரி. ஒப்பந்தம் படிக்க வேண்டியவர்களுக்காக ஒன்று சொல்லி வைக்கிறேன், சட்டக்காரர்களுக்கே அந்தச் சொல்லில் நிம்மதி இல்லை. ‘ஷல்’ பல அர்த்தம் தருகிறது, ‘மஸ்ட்’ போடுங்கள் என்றுதான் அமெரிக்க அரசின் எளிய மொழி வழிகாட்டிகள் சொல்கின்றன. அங்கே கூட்டாட்சி நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதிகளை 2007இல் நடை திருத்தி எழுதியபோது, விசாரணைக்குப் போகாமலே தீர்ப்பு வழங்குவது பற்றிய 56ஆவது விதியில் ‘ஷல்’லை எடுத்துவிட்டு ‘ஷுட்’ போட்டார்கள். அப்படியானால் நீதிபதி தீர்ப்பு வழங்கியே ஆக வேண்டுமா, வழங்குவது நல்லது என்ற அளவுதானா என்ற வாதம் எழுந்தது. 2010இல் பழையபடி ‘ஷல்’லே திரும்பி வந்துவிட்டது. எழுபது சதவீதம், நூறு சதவீதம் என்று அளப்பவர்கள் அந்த வரலாற்றை ஒருமுறை பார்க்கலாம்.

மற்றபடி செயலியின் வேகம், தோற்றம் எல்லாம் பரவாயில்லை. அறிவிப்புத் தொல்லை உண்டு, அமைப்புகளில் போய் அணைத்துவிடலாம். அலகை முடித்தால் ஒரு சான்றிதழ் வருகிறது, அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. கருத்துப் பெட்டியில் அந்த ‘வேண்டாம்’ குறிப்பைப் பற்றி எழுதிப்போட்டேன், ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று தானியங்கிப் பதில் வந்தது, குறிப்பு இன்னும் மாறவில்லை.

ஏற்கெனவே சந்தா கட்டியிருப்பவர்கள் இந்த அலகை வரிசைப்படி போகாதீர்கள். நேராகக் கேட்கும் பகுதிக்குப் போய் உரையாடல்களை எழுத்து வடிவம் பார்க்காமல் இரண்டு முறை கேளுங்கள், பிறகு எழுத்தைத் திறந்து, ஒவ்வொரு கட்டாயச் சொல்லிலும் இதை யார் யார் மேல் சுமத்துகிறார், காரியம் கடைசியில் நடந்ததா இல்லையா என்று மட்டும் பாருங்கள். கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சியை விட்டுவிடலாம், அடுத்த அலகு திறப்பதற்கு அதன் மதிப்பெண் தேவையில்லை. இந்த ஒரு அலகுக்காகவே புதிதாகச் சந்தா கட்ட நினைப்பவர்கள், முதல் இரண்டு உரையாடல்கள் இலவச மாதிரியிலேயே இருக்கின்றன, கூட்டம் தாமதமாகும் உரையாடல் அதில்தான் வருகிறது, அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.